பெயரேடு தொலைந்த நாள்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் களம் கொள்ளாமல் நெல் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 40 கிலோ சிப்பமாகப் பிடித்து எடை போட வேண்டும். அதற்கும் முன்னால் விவசாயியின் பெயர், ஆதார் எண், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு எல்லாம் கணினியில் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். வானம் இருட்டிக்கொண்டு வர, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாரும் கேட்க விரும்பாத வார்த்தை ஒன்று உண்டு: "சர்வர் டவுன்." ரேஷன் கடையிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் வங்கிக் கவுன்ட்டரிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைதான். ஆனால் களத்தில் நெல் கிடக்கும்போது தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஈரமாகவும் முளைகட்டிய மணியாகவும் விவசாயியின் கணக்கில் ஏறுகிறது.

இந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். சாலை அகலப்படுத்தும்போது பொக்லைன் கேபிளை அறுத்திருக்கலாம். ஹார்டு டிஸ்க் போயிருக்கலாம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே வர முயன்று நெரிசல் ஆகியிருக்கலாம். இவையெல்லாம் சொன்னவுடன் புரிகிற காரணங்கள். சொன்னாலும் எளிதில் புரியாத ஒன்றும் இருக்கிறது. சர்வர்கள் எல்லாம் நலமாக ஓடுகின்றன, டிஸ்க்கில் ஓர் எழுத்துகூடக் கெடவில்லை, கரன்ட் இருக்கிறது, கேபிள் இருக்கிறது. இருந்தும் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. வந்திருப்பது யார் என்று சொல்லத் தெரிந்த ஒரு கணினி மட்டும் போய்விட்டது. அதற்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். சர்வர் அறையில் பெரும்பாலும் மிகக் குறைந்த வேலை செய்வதுபோலத் தெரியும் கணினி அதுதான். போனபிறகு மீட்பதற்கு மிகக் கடினமானதும் அதுதான்.

இதை விளக்கத் தஞ்சாவூரில் பெரிய கோயிலைவிட நல்ல இடம் கிடையாது. ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் சுற்றுச்சுவரில் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. ஒவ்வொருவரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எத்தனை பங்கு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களைத் தொடர்ந்து நட்டுவம் செய்வோர், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், குயவர், தையற்காரர், தச்சர், பொற்கொல்லர் என்று பட்டியல் நீள்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாரிடம் போக வேண்டும் என்பதற்கும் விதி சொல்லியிருக்கிறது.

யார், எங்கே இருக்கிறார், எதற்கு உரிமை உள்ளவர், அவர் இல்லாவிட்டால் என்ன செய்வது. டொமைன் கன்ட்ரோலர் வைத்திருக்கும் பெயரேட்டிலும் இந்த நான்கு செய்திகள்தான் அடிப்படை. மைக்ரோசாஃப்ட் 2000ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 சர்வரோடு சேர்த்து வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி, உலகமெங்கும் அலுவலகங்களில் இன்றும் அதிகமாகப் புழங்கும் பெயரேடு. அதில் மனிதர்கள் மட்டும் இல்லை. ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொண்டால், வரவேற்பறைக் கணினி, ரத்தப் பரிசோதனைக் கூடத்து பிரிண்டர், எக்ஸ்ரே படங்கள் சேரும் சர்வர் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு உண்டு. நம்மைப் போலவே அந்தக் கணினிகளுக்கும் பாஸ்வேர்டு உண்டு. பொதுவாக 30 நாளுக்கு ஒருமுறை, யாரும் சொல்லாமலே, கணினி தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொண்டு கன்ட்ரோலரிடம் பதிந்துவிடும்.

பெயரேட்டைப் பார்த்து ஆளை நம்புவது எப்படி? அதற்கான முறையின் பெயர் கெர்பெரோஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1980களில் அதீனா என்ற திட்டத்துக்காக உருவாக்கியது. காலை ஷிஃப்டுக்கு வரும் ஒரு நர்ஸ் தன் பாஸ்வேர்டைத் தட்டுகிறார். அந்தப் பாஸ்வேர்டு கேபிள் வழியாகப் பயணம் செய்வதே இல்லை. கணினி அதிலிருந்து ஒரு சாவியைக் கணக்கிட்டு, இப்போது மணி என்ன என்பதை அந்தச் சாவியால் பூட்டி கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. அதே சாவி கன்ட்ரோலரிடமும் இருப்பதால் அதைத் திறக்க முடிகிறது. உள்ளே இருக்கும் மணியும் தன் கடிகாரமும் 5 நிமிட வேறுபாட்டுக்குள் ஒத்துப்போனால் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. வழக்கமான அமைப்பில் அந்தச் சீட்டு 10 மணி நேரம் செல்லும். அதைக் காட்டி கோப்பு சர்வருக்கு ஒரு சீட்டு, பில்லிங் சர்வருக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். ரகசியத்தை யாரிடமும் சொல்லாமலே தனக்கு அது தெரியும் என்று நிரூபிக்கிற இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இந்த முறையில் பிறக்கும் இரண்டு விளைவுகளைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் கதை புரியும்.

முதலாவது, கன்ட்ரோலர் செத்துப்போனால் உடனே தெரியாது. கையில் சீட்டு வைத்திருப்பவர்கள் அது காலாவதியாகும்வரை வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். விண்டோஸ் கணினிகள் கடைசியாக உள்ளே வந்த சிலரின் அடையாளத்தைத் தம்மிடமே நினைவில் வைத்திருப்பதால் அவர்கள் மறுநாளும் நுழைந்துவிடலாம். சனிக்கிழமை இரவு நின்றுபோன கன்ட்ரோலரைத் திங்கள்கிழமைதான் கண்டுபிடிப்பார்கள். முதலில் ஒருவருக்கு பிரிண்ட் வராது. அடுத்து இன்னொருவருக்குப் பொதுக் கோப்புறை திறக்காது. ஒவ்வொருவரும் தன் கணினியில்தான் கோளாறு என்று நினைப்பார்.

இரண்டாவது, கடிகாரம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி பதித்திருப்பார்கள், சி.ஆர். 2032 என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். கரன்ட் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் வட்டாரங்களில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படி நீண்ட நாள் கரன்ட் இல்லாமல் கிடக்கும் பழைய சர்வரில் அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், மறுபடி இயக்கும்போது அது பல ஆண்டு பின்னால் ஒரு தேதியில் கண் விழிக்கும். பாஸ்வேர்டு சரி, கேபிள் சரி, பெயரேடும் சரி. ஆனாலும் மணி ஒத்துப்போகாததால் கன்ட்ரோலர் சீட்டு தர மறுக்கும். மீட்பு வேலைக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது திரையின் மூலையில் இருக்கும் தேதியைத்தான்.

இவ்வளவு முக்கியமான பெயரேட்டை ஒரே ஓர் இடத்தில் வைப்பார்களா? வைப்பதில்லை. இரண்டு, மூன்று கன்ட்ரோலர்கள் வைத்து, ஒன்றில் எழுதியதை மற்றவை தாமாகவே நகல் எடுத்துக்கொள்ளும்படி செய்வார்கள். ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கே உடையும் என்பதை 2017ஆம் ஆண்டு உலகம் பார்த்தது.

அந்த ஆண்டு ஜூன் 27, செவ்வாய்க்கிழமை. உக்ரைனில் கணக்கு எழுதப் பரவலாகப் பயன்படும் எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட்டுக்குள் புகுந்து கிளம்பியது நாட்பெட்யா என்ற நாசநிரல். பணம் கேட்டு மிரட்டும் நிரல்போல வேடமிட்டிருந்தாலும் பணம் கொடுத்தாலும் மீட்க வழியில்லாதபடி டிஸ்க்குகளை அழிப்பதுதான் அதன் வேலை. கணினியின் நினைவகத்திலிருந்து நிர்வாகிகளின் பாஸ்வேர்டுகளைத் திருடி, அவர்களுடைய பெயரிலேயே அடுத்த கணினிக்குள் நுழைந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கின் நெட்வொர்க் முழுவதும் சில மணி நேரத்தில் வீழ்ந்தது. அன்று மாலையே அதன் அதிர்ச்சி இந்தியக் கரைக்கும் வந்துவிட்டது. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் இயக்கும் கேட்வே டெர்மினல்ஸ் இந்தியா முனையத்தில் கணினிகள் நின்றன. எந்தப் பெட்டி யாருடையது, எந்த லாரியில் ஏற வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல், வேலையைக் கையால் எழுதிச் செய்ய வேண்டியதாயிற்று. அப்போது நாட்டின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகமாக இருந்த இடத்தில் இது நடந்தது.

மேர்ஸ்க்கிடம் பெரும்பாலான சர்வர்களுக்கு பேக்கப் இருந்தது. டொமைன் கன்ட்ரோலருக்கு மட்டும் இல்லை. உலகெங்கும் ஏறக்குறைய 150 கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று நகல் எடுத்துக்கொண்டிருந்தன. 150இல் எது போனாலும் மற்றவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. தப்பித்தது ஒன்றே ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில். நாட்பெட்யா வருவதற்கு முன்பே அந்த ஊரில் கரன்ட் போயிருந்தது. நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டு இருட்டில் நின்றிருந்த அந்தக் கணினியை நிரலால் தொட முடியவில்லை.

அந்த ஒரு நகலை இங்கிலாந்தில் மெய்டன்ஹெட்டில் இயங்கிய மீட்பு மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். கானாவிலிருந்த இணைய இணைப்பு வழியே அனுப்பினால் நாட்கணக்கில் ஆகும். அங்கிருந்த ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஆகவே ஒருவர் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் அதைச் சுமந்துகொண்டு லண்டன் வந்து சேர்ந்தார். 10 நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினோம் என்று நிறுவனத்தின் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர்வரை என்பது நிறுவனத்தின் கணக்கு. கானாவின் மின்வெட்டு இல்லாதிருந்தால் அந்தக் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது.

இதில் மனதில் பதியவேண்டியது, நகல் வேறு, பேக்கப் வேறு என்பது. ஒன்றையொன்று பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும் நகல்கள் நல்லதை எவ்வளவு வேகமாகப் பரப்புகின்றனவோ அவ்வளவு வேகமாகக் கெட்டதையும் பரப்பும். ஒருவர் தவறுதலாக ஒரு பிரிவின் ஊழியர்கள் முழுவதையும் அழித்தால் சில நிமிடத்தில் எல்லா நகல்களிலும் அவர்கள் இல்லாமல் போவார்கள். பேக்கப் என்பது இந்தப் பரிமாற்றத்திலிருந்து விலகி, நேற்றைய நிலையில் உறைந்து நிற்க வேண்டும். பெரிய கோயில் கல்வெட்டுக்கு அந்தக் குணம் உண்டு. புதிய பெயர் சேர்ப்பதற்கு அது வசதியானதில்லை; ஆனால் வெட்டிய பெயரை இன்னொரு ஊரிலிருந்து யாரும் அழிக்க முடியாது.

*

பெயரேடு அழியாமல் இருந்தும் கன்ட்ரோலர் எழ முடியாமல் போவதும் உண்டு. டெல்டாவில் ஏதோ ஓர் ஊரில் 100 படுக்கை உள்ள மருத்துவமனை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே ஒவ்வொரு வேலைக்கும் தனி சர்வர் இருந்தது. இடம், ஏ.சி., யு.பி.எஸ். செலவைக் குறைக்க மூன்று வலுவான சர்வர்களை வாங்கி ஒன்றாகக் கட்டினார்கள். அந்தக் கட்டுக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். மூன்றில் ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். பழைய சர்வர்கள் எல்லாம் மெய்நிகர் கணினிகளாக, அதாவது பெரிய டிஸ்க்கில் கிடக்கும் கோப்புகளாக மாறி, கிளஸ்டருக்குள் குடியேறின. கடைசியாக மூலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய டொமைன் கன்ட்ரோலரையும் அப்படியே உள்ளே கொண்டுபோய், பழைய பெட்டியை அணைத்தார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடியது.

ஒரு மழை இரவில் கரன்ட் போய், யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து, மூன்று சர்வர்களும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. காலையில் கரன்ட் வருகிறது. சர்வர்கள் எழுகின்றன. கிளஸ்டராகச் சேர்வதற்கு முன் ஒவ்வொன்றும் மற்றதை "நீ யார்" என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டிய டொமைன் கன்ட்ரோலர், கிளஸ்டர் எழுந்தால்தான் எழ முடிகிற ஒரு கோப்பாக உள்ளே கிடக்கிறது. கன்ட்ரோலர் இல்லாமல் கிளஸ்டர் எழாது. கிளஸ்டர் இல்லாமல் கன்ட்ரோலர் எழாது. விண்டோஸ் சர்வர் 2012க்கு முந்தைய பதிப்புகளில் இந்த முடிச்சு அப்படியே இருந்தது. 2012 பதிப்பில் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ளாமலே கிளஸ்டர் எழும்பும்படி மாற்றினார்கள். முடிச்சு தளர்ந்ததே தவிர அவிழவில்லை. கன்ட்ரோலரின் கோப்பு இன்னொரு கோப்பு சர்வரில் இருந்தால், அதைத் திறக்க அந்தச் சர்வர் அடையாளம் கேட்கும். கிளஸ்டரின் பெயர் நெட்வொர்க்கில் உயிர்பெறவும், அதை நம்பி இயங்கும் தரவுத்தளம் துவங்கவும் கன்ட்ரோலர் வேண்டும்.

மின்சாரத் துறையில் இதே முடிச்சு மிகப் பழையது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை அரைக்கவும் தண்ணீரை ஏற்றவும் காற்றை ஊதவும் மின்சாரம் வேண்டும். கட்டமைப்பு முழுவதும் விழுந்துவிட்டால், மின்சாரம் தயாரிக்கும் நிலையத்தைத் துவக்க மின்சாரம் எங்கிருந்து வரும்? 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் இது நடந்தது. 31ஆம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்குக் கட்டமைப்புகள் மூன்றும் விழுந்து 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. அப்போது தென்னிந்தியக் கட்டமைப்பு வடக்கோடு ஒரே கதியில் இணைக்கப்படவில்லை. அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31இல்தான் வந்தது. அதனால் அந்த இருட்டு தஞ்சாவூர்வரை வரவில்லை. இப்படி விழுந்த கட்டமைப்பை எழுப்ப, மதகைத் திறந்தால் சுழலக்கூடிய நீர்மின் நிலையங்களிலிருந்தும் விழாமல் நிற்கும் பக்கத்துக் கட்டமைப்பிலிருந்தும் கொஞ்சம் மின்சாரத்தை எடுத்து, ஒரு நிலையத்தைத் துவக்கி, அதிலிருந்து அடுத்ததை எழுப்புவார்கள். எதையும் நம்பாமல் தனியாக எழக்கூடிய ஒன்று எங்காவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் வடிவமைப்பிலேயே சேர்த்த விதி. கணினித் துறையில் அந்த விதியை இன்னமும் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளஸ்டருக்கு வெளியே, தன் சொந்த டிஸ்க்கில், ஒரு சாதாரணப் பெட்டியில் ஒரு கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருந்தால் இந்த மருத்துவமனையின் காலை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அது இல்லாதபோது என்ன செய்வது? மூன்று சர்வர்களில் ஒன்றின் முன் உட்கார்ந்து, டொமைனைச் சாராத உள்ளூர் நிர்வாகிக் கணக்கில் நுழைய வேண்டும். அதன் பாஸ்வேர்டு எங்கே? ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு உள்ளூர் பாஸ்வேர்டைத் தானாக உருவாக்கிப் பாதுகாக்கும் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்ட் 2015இல் கொடுத்தது. நல்ல கருவி. அது பாஸ்வேர்டுகளை எழுதி வைக்கும் இடம் ஆக்டிவ் டைரக்டரி. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் பல இடங்களில் அங்கேதான் சேமிக்கிறார்கள். பேக்கப் மென்பொருளைத் திறக்கவும் டொமைன் லாகின் கேட்கும்படி அமைத்திருப்பார்கள். நெருக்கடி வரும்போதுதான் எல்லாச் சாவியும் பூட்டிய அறைக்குள்ளேயே இருப்பது தெரியவரும். இந்தக் காரணத்தால்தான் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வைத்த பாஸ்வேர்டை நான் பழைமை என்று ஒதுக்க மாட்டேன். ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரையும் நிறுவும்போது மீட்பு நிலைக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அன்று அவசரத்தில் எதையோ தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பல ஆண்டு கழித்து அந்த ஒரு சொல் மட்டுமே கதவைத் திறக்கும்.

உள்ளே நுழைந்துவிட்டால் வழி இருக்கிறது. கன்ட்ரோலரின் மெய்நிகர் டிஸ்க் கோப்பைப் பொது டிஸ்க்கிலிருந்து அந்த ஒரு சர்வரின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுத்து, கிளஸ்டரைக் கணக்கில் எடுக்காமல் அதைத் தனியாக இயக்கலாம். அது எழுந்ததும் கடிகாரத்தைச் சரிபார்த்து, பெயர்களை முகவரிகளாக மாற்றும் டி.என்.எஸ். சேவை ஓடுகிறதா என்று பார்த்து, பிறகு கிளஸ்டரை எழுப்ப வேண்டும். அதன் பின் தரவுத்தளம். பில்லிங்கும் லேபும் கடைசி. கவுன்ட்டரில் கூட்டம் நெருக்கும்போது பில்லிங்கை முதலில் எழுப்பச் சொல்லி அழுத்தம் வரும். இந்த வரிசையை மாற்றினால் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

கோப்பே கெட்டுப்போயிருந்தால் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். இங்கேதான் நல்ல தொழிலாளிகளும் தடுமாறும் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு கன்ட்ரோலர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தான் செய்யும் மாற்றங்களுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டே போகும். முதல் கன்ட்ரோலர் 5,000ஆவது மாற்றம்வரை வந்துவிட்டது; இரண்டாவது அதையெல்லாம் நகலெடுத்துவிட்டது. முதலாவது பழுதாகிறது. 4,000இல் இருந்தபோது எடுத்த டிஸ்க் படத்தை யாரோ அப்படியே திரும்ப வைத்து இயக்குகிறார். அது கடந்த ஆயிரம் மாற்றங்களை மறந்துவிட்டு, புதிதாகச் சேரும் ஊழியருக்கு 4,001 என்று எண் போடுகிறது. இரண்டாவது கன்ட்ரோலர், "உன்னிடமிருந்து 5,000வரை வாங்கிவிட்டேனே" என்று அதைக் கண்டுகொள்வதில்லை. பிழைச் செய்தி எதுவும் முகத்தில் அடிக்காமல் இரண்டு பெயரேடுகளும் மெல்ல மெல்ல வேறுபட்டுப் போகும். முறையான மீட்பில் கன்ட்ரோலர் தனக்கு ஒரு புதிய அடையாள எண்ணை எடுத்துக்கொண்டு, "நான் மறுபிறவி, கணக்கைப் புதிதாகத் தொடங்கு" என்று மற்றவற்றுக்கு அறிவிக்கும். விண்டோஸ் சர்வர் 2012 முதல், ஆதரவுள்ள மெய்நிகர் மேடையில் ஓடும் கன்ட்ரோலர் தன்னைப் பழைய நிலைக்கு இழுத்திருக்கிறார்கள் என்பதைத் தானே கண்டுபிடிக்கும்.

பேக்கப்புக்கு வயதும் உண்டு. பெயரேட்டிலிருந்து ஒருவரை நீக்கினால் அந்தப் பதிவு உடனே மறைவதில்லை. "இவர் நீக்கப்பட்டார்" என்ற குறிப்பு வழக்கமாக 180 நாள் நிற்கும். எல்லா நகல்களுக்கும் செய்தி போய்ச்சேர அவகாசம் அது. அதைவிடப் பழைய பேக்கப்பை ஏற்றினால், நீக்கியதற்கான சாட்சியும் போய்விட்ட நிலையில் வேலையைவிட்டுப் போனவர்கள் பெயரேட்டில் உயிரோடு வந்து நிற்பார்கள். அதனால் 180 நாளைத் தாண்டிய பேக்கப்பைப் பயன்படுத்தக் கூடாது.

எந்த பேக்கப்பும் இல்லையென்றால்? தரவு இருக்கும், அதுதான் கொடுமை. ஏதாவது ஒரு கோப்பின் உரிமையாளர் யார் என்று திறந்து பார்த்தால் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று நிற்கும். விண்டோஸ் உரிமைகளைப் பெயருக்குக் கொடுப்பதில்லை; அந்த எண்ணுக்குத்தான் கொடுக்கிறது. எண்ணைப் பெயராக மாற்றிச் சொல்லும் பெயரேடு போனதால் எண் மட்டும் மிஞ்சுகிறது. புதிய டொமைனில் அதே பெயரில் அதே ஊழியரைச் சேர்த்தாலும் அவருக்குக் கிடைப்பது வேறு எண். எக்ஸ்ரே படங்கள் எல்லாம் டிஸ்க்கில் இருக்க, அவற்றைத் திறக்க உரிமையுள்ளவர் உலகில் ஒருவரும் இருக்க மாட்டார். நிர்வாகி ஒவ்வொரு கோப்புறையாக உரிமையைக் கைப்பற்றி, யாருக்கு எது என்று மனிதர்களின் நினைவிலிருந்து கேட்டு மறுபடி எழுத வேண்டும்.

திருடர்கள் புகுந்த நெட்வொர்க்கில் இன்னொரு படி சேர்கிறது. பெயரேட்டில் எல்லாச் சீட்டுகளையும் முத்திரையிடும் ஒரு ரகசியக் கணக்கு உண்டு. அதன் சாவி வெளியே போயிருந்தால் திருடனே சீட்டு அச்சிட்டுக்கொள்வான். எனவே மீட்டபின் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்ற வேண்டும். முந்தைய பாஸ்வேர்டையும் அது நினைவில் வைத்திருப்பதால் ஒரு முறை போதாது. இதெல்லாம் டெல்டாவுக்குத் தொலைவான பேச்சு என்று நினைக்க இடமில்லை. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் பெயரில் 2018 பிப்ரவரியில் வங்கிகளுக்கிடையே பணச் செய்திகளைக் கொண்டுபோகும் ஸ்விஃப்ட் வலைவழியே மூன்று போலிப் பணப் பரிமாற்றங்களை அனுப்பினார்கள். மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். மருத்துவமனைகளும் இதற்கு விலக்கில்லை. 2022 நவம்பர் 23இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் ஏறக்குறைய 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. புறநோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவுவரை கையால் எழுதினார்கள். பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் தரவைப் புதிய சர்வர்களுக்குக் கொண்டுவந்தார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரிக்காதது ஒரு காரணம் என்றும் அரசு சொன்னது.

ஆகவே நம் கற்பனை மருத்துவமனைக்கு நான் பரிந்துரைப்பது விலையுயர்ந்த எதையும் இல்லை. கிளஸ்டருக்கு வெளியே ஒரு பெட்டியில் ஒரு கன்ட்ரோலர். வாரந்தோறும், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் மாற்றி மாற்றிப் பெயரேட்டின் பேக்கப். எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றி வேறு கட்டடத்தில் வைப்பது. மீட்பு பாஸ்வேர்டும் உள்ளூர் நிர்வாகி பாஸ்வேர்டும் தாளில். இவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை. நெட்வொர்க் கேபிள் எதுவும் செருகாத ஒரு பழைய கணினியை எடுத்து, பேக்கப் டிஸ்க்கிலிருந்து கன்ட்ரோலரை அதில் எழுப்பி, ஓர் ஊழியரின் பெயரில் லாகின் செய்து பார்ப்பது. முதல் ஒத்திகை பெரும்பாலும் தோற்கும். பாஸ்வேர்டு தாளில் ஓர் எழுத்து தவறியிருக்கும், அல்லது பேக்கப் மென்பொருளின் உரிம எண் கன்ட்ரோலருக்குள்ளேயே கிடக்கும். சித்திரை வெயிலில், நோயாளிகள் குறைவாக வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தோற்றால் திருத்த நேரம் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் வார்டு நிரம்பியிருக்கும்போது தோற்றால் இருக்காது.